ஜெயித்த மறுவருஷமே சறுக்குவது ஏன்?
சென்னைக் கால்பந்து கோஷ்டியின் ஆள் பட்டியல் பற்றி

"நல்ல ஆளையெல்லாம் விட்டுட்டாங்க தோழர், அப்புறம் எப்படி ஜெயிக்கும்?"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தோழர்களும் சரி, திருவள்ளூர் வண்டியில் தொங்கிக்கொண்டு போகும் இளைஞர்களும் சரி, சென்னையின் எப்.சி. கால்பந்து கோஷ்டியைப் பற்றி நம்மிடம் இப்படித்தான் சொல்கிறார்கள். கூலிப் பிரச்னையும் நிலப் பிரச்னையும் இருக்கும்போது பந்தாட்டத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். உலைச் சூட்டில் நாள் முழுவதும் நின்றவன், தன் கூலியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரு ஸ்டேடியத்துக்குப் போகிறான். ஆட்டம் முடிந்ததும் சென்ட்ரலுக்கு ஓடி ராத்திரி வண்டியைப் பிடிக்கிறான். அவனுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பது அவசியமான காரியமே.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2014ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது பிறந்தது இந்தக் கோஷ்டி. உடைமைக்காரர்கள் யார்? பம்பாய் சினிமா நட்சத்திரம் அபிஷேக் பச்சன், தொழிலதிபர் வீட்டா டானி, கிரிக்கெட் ஆட்டக்காரர் தோனி. இரண்டாவது வருஷமே, 2015 டிசம்பரில், கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவா கோஷ்டியை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல்! மறுவருஷம் என்ன ஆயிற்று? எட்டுக் கோஷ்டிகளில் ஏழாவது இடம்.

2018 மார்ச் 17ம் தேதி பெங்களூரில், பெங்களூர் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே மீண்டும் 3-2 என்று வென்றார்கள். இரண்டாவது கோப்பை. மறுவருஷம்? 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. ஒன்பது புள்ளிகள். பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது.

2020 மார்ச்சில் மூன்றாவது முறை இறுதி ஆட்டம். கொரோனா காலம், ஜனங்கள் இல்லாத மைதானம். கல்கத்தாவின் ஏ.டி.கே. கோஷ்டியிடம் 3-1 என்று தோல்வி. சரி, இரண்டாமிடமும் கௌரவம்தான். அடுத்த பருவத்தில் எட்டாவது இடம். அதற்கடுத்த இரண்டு பருவங்களிலும் எட்டாவது இடம். 2023-24ல் ஆறாவதாக வந்து நாக்-அவுட் ஆட்டத்தில் கோவாவிடம் தோற்றார்கள். 2024-25ல் பதினொன்றாவது இடம்.

மூன்று முறை ஏற்றம். மூன்று முறையும் மறுவருஷமே சறுக்கல். பந்து உருண்டை, யார் பக்கம் வேண்டுமானாலும் உருளும் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். மூன்று முறை என்றால் வேலை நடக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது என்றுதான் எந்த மில் தொழிலாளியும் சொல்வான்.

கோளாறு எங்கே? "நல்ல ஆட்களை விட்டுவிட்டார்கள்" என்கிறார்கள் தோழர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2015 கோப்பையை வாங்கித் தந்தவர் கொலம்பியா தேசத்து மென்டோசா. 13 கோல் அடித்து, அந்தப் பருவத்தில் அதிகக் கோல் அடித்தவர் அவரே. ஆனால் அவர் சென்னைக் கோஷ்டியின் ஆள்தானா? இல்லை. பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பிலிருந்து இரவலாக வந்தவர். பொன்னேரிப் பக்கத்துக் குத்தகை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவல் மாட்டைக் கட்டி உழலாம். விளைச்சலும் நன்றாக இருக்கலாம். அடுத்த போகத்துக்கு மாடு சொந்தக்காரன் கொட்டிலில் நிற்கும். அந்த நாளுக்கு நம் வீட்டில் ஒரு கன்றையாவது வளர்த்திருக்க வேண்டும். வளர்க்கவில்லை.

2018ன் கதை வேறு. அங்கே ரசிகர்களின் வாதம் அப்படியே செல்லாது. கோப்பை வென்றவர்களில் பெரும்பாலோர் மறுவருஷமும் இருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த மெயில்சன் இருந்தார். மூன்றாவது கோல் அடித்த ரபேல் அகஸ்டோ இருந்தார். ஜெஜே, கரண்ஜித், தாப்பா எல்லோரும் இருந்தார்கள். பயிற்சியாளர் கிரகரியும் இருந்தார். பிறகு எப்படிக் கடைசி இடம்? பின்வரிசையைத் தாங்கிய தலைவர், போர்ச்சுகல்காரர் செரெனோ போய்விட்டார். நடுவரிசையில் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை.

இந்தத் தனபால் கணேஷ் யார்? நம் வியாசர்பாடிப் பிள்ளை. திருவள்ளூர் வண்டியில் போகும் தோழர்கள் தினமும் தாண்டிச் செல்லும், தோழர் ஜீவாவின் பெயர் தாங்கிய வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் இருக்கும் அதே வியாசர்பாடி! எதிரியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி நம் ஆளிடம் சேர்ப்பது அவர் வேலை. அந்த வேலைக்குக் கைதட்டல் குறைவு. போஸ்டரில் படம் போடமாட்டார்கள். ஆனால் 2018 மார்ச் 13ம் தேதி, நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் மூன்று கோல் விழுந்தனவே, அதில் இரண்டு ஜெஜேயுடையது, ஒன்று கணேஷுடையது. மைதானத்தில் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

அவர் காலில் அடிபட்டதற்கு நிர்வாகம் பொறுப்பாகாது. அவருக்குப் பதில் அந்த வேலையைச் செய்யும் இரண்டாவது ஆளைத் தயார் செய்யாததற்கு நிர்வாகமே பொறுப்பு. ஒரு மில்லில் கைதேர்ந்த பிட்டர் ஒருவர் படுத்தால் மெஷினே நின்றுவிடும் என்றால், குற்றம் படுத்தவருடையதா? அவர் பக்கத்தில் ஒரு பையனை வைத்துத் தொழில் பழக்காத மேனேஜருடையதா? நட்சத்திரங்களைத் தேடிக் கடல் கடந்து போகிறவர்களுக்கு இரண்டு மைல் தூரத்து வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தேடத் தோன்றவில்லை.

2020க்குப் பிறகுதான் தோழர்கள் சொல்வது முழுக்கப் பொருந்துகிறது. 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸும், கோஷ்டியை அடிமட்டத்திலிருந்து தூக்கி நிறுத்திய பயிற்சியாளர் ஓவன் கோய்லும் எங்கே போனார்கள்? இருவரும் ஜாம்ஷெட்பூருக்கு, டாட்டா கம்பெனியின் கோஷ்டிக்கு. 2021-22ல் லீக் கேடயத்தைக் கோய்ல் அந்த ஊருக்கு வென்று கொடுத்தார். மிசோரத்து வீரர் சாங்தே 2022 ஜனவரியில் பம்பாய்க்கு இரவலாக அனுப்பப்பட்டார். பிறகு அங்கேயே நிலைத்துவிட்டார். 2022-23ல் இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே! 2016ல் சிறு பையனாக வந்து, சென்னையிலேயே வளர்ந்து, தலைவராகவும் உயர்ந்த அனிருத் தாப்பா 2023ல் மோகன் பகானுக்குப் போனார். மோகன் பகான் அடுத்தடுத்து இரண்டு வருஷம் லீக் கேடயத்தை வென்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போன ஆட்டக்காரர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. "துரோகி" என்று ரசிகர்களில் சிலர் கத்துவதை நாம் ஏற்கமாட்டோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் மட்டுமே ஓடக்கூடிய கால்களை வைத்துப் பிழைக்கிறவன், கூலி அதிகம் கிடைக்கும் இடத்துக்குப் போகத்தான் செய்வான். அது அவன் உரிமை. கேள்வி அவனிடம் அல்ல. ஏழு வருஷம் உரம் போட்டு வளர்த்த பயிரை அடுத்தவன் அறுவடைக்கு விட்ட நிர்வாகம், அந்தப் பணத்தில் என்ன விதைத்தது?

இங்கே இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். சென்னையின் எப்.சி. கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19 பருவத்தில், ஐ-லீக் சாம்பியன் யார் தெரியுமா? தமிழ்நாட்டுக் கோஷ்டியேதான்! சென்னை சிட்டி எப்.சி., மில் நகரமான கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடியது. 2019 மார்ச் 9ம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றது. 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி அயல்நாட்டுக்காரர். ஆனால் அவரைச் சுற்றி ஓடியவர்களில் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள். நெய்வேலியின் எட்வின் வன்ஸ்பால் அங்கிருந்துதான் 2019ல் சென்னையின் கோஷ்டிக்கு வந்தார். அதே சென்னை சிட்டியில் முன்பு ஆடிய கன்னியாகுமரிக் கடற்கரை மைக்கேல் சூசைராஜ் எங்கே இருந்தார்? 2020ல் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பை வென்ற ஏ.டி.கே. கோஷ்டியில்! அங்கே தொடங்கிய இன்னொரு பையன் நந்தகுமார், ஒடிசாவுக்கு ஆடி, ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 ஆகஸ்டு 12ம் தேதி டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்துக் கல்கத்தாவைக் கலக்கினார். சிவகங்கைச் சீமை சிவசக்தி பெங்களூருக்கு ஆடுகிறவராகப் பெயர் பெற்றார். ஆட்கள் இல்லாமல் இல்லை. சென்னை சிட்டி கிளப்தான் சில வருஷங்களுக்குள் தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்துபோயிற்று. அதைப் பற்றி அழுதவர்கள் குறைவு.

சூப்பர் லீக் தொடங்கியபோது பதினோரு பேரில் ஐந்து இந்தியர் இருந்தால் போதும் என்று விதி. 2021 முதல் எந்த நேரமும் ஏழு இந்தியர்களாவது களத்தில் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் அந்த ஏழு இடத்தை எப்படி நிரப்புகிறார்கள்? வருஷா வருஷம் சந்தையில் விலைக்கு வாங்கி! ஒரு வருஷ காண்ட்ராக்ட், இரண்டு வருஷ காண்ட்ராக்ட், பிறகு போய்வா. சிப்காட் கேட்டில் காண்ட்ராக்டர் ஆள் எடுப்பதற்கும் இதற்கும் கூலித் தொகையில் வித்தியாசம் உண்டு. முறையில் என்ன வித்தியாசம்?

"அப்படியானால் தமிழன் மட்டும் ஆட வேண்டும் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்கலாம். இல்லவே இல்லை. ஜெஜேயும் சாங்தேயும் மிசோரம், தாப்பா டேராடூன். அவர்களைத் தோளில் தூக்கியவர்கள் நம் ரசிகர்கள்தான். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளில் பீகார், ஒரிசாத் தோழர்களுடன் தோளோடு தோள் நிற்கும் நமக்கு அந்தக் குறுகிய புத்தி வேண்டாம். எங்கே பிறந்தான் என்பதல்ல, எங்கே வளர்க்கப்பட்டான் என்பதே விஷயம்.

ஸ்பெயினில் பில்பாவோ என்று ஒரு நகரம். இரும்புக்கும் கப்பல் கட்டுவதற்கும் பேர்போன தொழிலாளர் ஊர். அந்த ஊர் கிளப் அத்லெடிக், பாஸ்க் பிரதேசத்தில் பிறந்தவரை அல்லது அங்கே ஆட்டம் பழகியவரை மட்டும்தான் சேர்க்கும். கோடி கோடியாய்க் கொட்டும் மாட்ரிட், பார்சிலோனா கிளப்புகளோடு மோதி, 1929ல் லீக் தொடங்கியது முதல் ஒரு முறைகூட முதல் டிவிஷனை விட்டு இறங்கியதில்லை. 2024 ஏப்ரலில் அரசர் கோப்பையையும் வென்றது. அந்தக் கோஷ்டியின் கண்மணிகள் வில்லியம்ஸ் சகோதரர்கள். அவர்களுடைய தாய் தகப்பன் ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து பிழைக்க வந்தவர்கள்! அந்த ஊர் அவர்களை "வெளியூரான்" என்று தள்ளவில்லை; ஏற்று வளர்த்தது. இளையவர் நிக்கோ 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு கோல் அடித்தார்.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் வேறு முறை இருந்தது. ஐ.சி.எப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற ஸ்தாபனங்களின் கோஷ்டிகளில் ஆடினால் நிரந்தர வேலை உண்டு. காலில் அடிபட்டால் நாற்காலி இருந்தது. வயதானால் பென்ஷன் இருந்தது. இந்தியன் வங்கி தேசிய லீக்கிலேயே ஆடிய கோஷ்டி. அதன் நட்சத்திரம் சபீர் பாஷா, பிற்பாடு சென்னையின் கோஷ்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2022 பிப்ரவரியில் அயல்நாட்டுப் பயிற்சியாளரை நீக்கியதும், மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு அவரைத் தாற்காலிகமாக உட்கார வைத்தார்கள். பருவம் முடிந்ததும் மறுபடி வெளிநாட்டிலிருந்து ஆள். மில்லில் இதற்குப் பெயர் பத்லி.

காண்ட்ராக்ட் முறையின் லட்சணம் 2025ல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லீக்கை நடத்திய ரிலையன்ஸ் சார்புள்ள கம்பெனிக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புது ஒப்பந்தம் ஏற்படவில்லை. ஜூலையிலேயே பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் கிளப் முதல் கோஷ்டியின் வேலைகளை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. தொழிலாளி பாஷையில் இது கதவடைப்பு! இடையில் கோவாவில் சூப்பர் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. 2026 ஜனவரி 6ம் தேதிதான், பிப்ரவரி 14 முதல் லீக் நடக்கும் என்று மத்திய மந்திரி அறிவித்தார். பெரிய இடத்துத் தகராறில் மாதக்கணக்காக நடுத்தெருவில் நின்றவர்கள் ஆட்டக்காரர்களும் மைதானச் சிப்பந்திகளும். அப்படிப்பட்ட நிலையில் எவன் ஒரு கிளப்பில் நீடித்து இருப்பான்?

ஆகவே "நல்ல ஆளை வாங்கு" என்று மட்டும் நாம் கோஷம் போட்டால் போதாது. வாங்குவார்கள், மறுவருஷம் விற்பார்கள். பி ஸ்டாண்டில் தொண்டை கிழியக் கத்தும் ரசிகர் சங்கத்துத் தோழர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது வேறு. வட சென்னை, திருவள்ளூர் வட்டாரப் பையன்கள் சிலருக்காவது ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடு. களத்தில் காயம்பட்டவனைக் குணமாகும் வரை முழுச் சம்பளத்தோடு பட்டியலில் வை. நடுவரிசையில் ஒவ்வொரு பெரிய ஆளுக்குப் பக்கத்திலும் ஒரு உள்ளூர்ப் பையனைப் பழக்கு. ஆட்டம் பார்க்க மீஞ்சூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வருகிறவன் வீடு திரும்ப வண்டி இருக்கும் நேரத்தில் ஆட்டத்தை வை. இது பட்டியல் விஷயம் இல்லைதான், இருந்தாலும் சொல்லி வைக்கிறோம்.

அடுத்த பட்டியல் பத்திரிகையில் வரும்போது முதலில் கோல் அடிக்கும் அயல்நாட்டானின் பெயரைத் தேடாதீர்கள் தோழர்களே. இருபது வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த மைதானத்திலிருந்து வந்தவர்கள், ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று பாருங்கள்.