பணி ரயில்வேயில், ஆட்டம் இந்தியாவுக்கு

2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணனின் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை. அமர் சேவா சங்கத்தை நிறுவிய முன்னவரைத் தென்காசி வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. பின்னவரைத் தமிழ்நாட்டிலேயே அறிந்தவர் குறைவு. இத்தனைக்கும் அனிதா 18 ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடியவர். 19 வயதில் அணித்தலைவியானவர். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகள் ஒன்பதில் தொடர்ந்து களமிறங்கியவர். கூட்டமும் இல்லாத, பணமும் இல்லாத ஓர் ஆட்டத்தில் ஒருவரால் இவ்வளவு காலம் எப்படி நிலைக்க முடிந்தது?

விடை தேட நூறாண்டுக்கும் மேல் பின்னே போக வேண்டும். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஓடவைக்க உருவாக்கிய ஆட்டம் கூடைப்பந்து. அதே ஒய்எம்சிஏ வழியாகத்தான் அது உலகெங்கும் பரவியது. சென்னையில் ஒய்எம்சிஏவின் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் ஊர் ஊராகப் பி.டி. வாத்தியார்களாகப் போனார்கள். கூடைப்பந்து தமிழ்நாட்டில் வேர்விட்டது பள்ளிக்கூட மைதானங்களில். டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்கும் கூட்டத்தை அது தேடிப் போகவில்லை. அதனால் நம் ஊரில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்ள வழியும் பிறக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது அரசு வேலை. ரயில்வே, வங்கி, சுங்கத்துறை, வருமானவரித்துறை, போலீஸ் ஆகியவை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆளெடுத்து அணி கட்டின. பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் போன்ற ஊர்களின் அகில இந்தியப் போட்டிகளில் மோதியவை பெரும்பாலும் இந்தத் துறைகளின் அணிகள்தான். அனிதா தெற்கு ரயில்வே ஊழியர். மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், போட்டிக்குப் போக அனுமதி, ஆட்டம் முடிந்த பிறகும் கையில் ஒரு வேலை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு, வீட்டார் மறுக்க முடியாத காரணமாக இருந்தது அந்த வேலை உத்தரவுதான்.

கேரளத்தின் கீத்து அன்னா ஜோசும் தெற்கு ரயில்வேயில் வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் கிளப் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவின் அணிகள் சில அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. பஞ்சாபின் சத்னாம் சிங் 2015இல் அமெரிக்க ஆண்கள் லீக்கான என்பிஏவின் வீரர் தேர்வில் 52ஆம் இடத்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் எடுக்கப்பட்டார். அந்த அணிக்காக ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடாமல், கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். வெளிநாட்டுச் சந்தையின் வாசல்வரை போனவர்களின் கதை இது.

அனிதாவின் கணக்கு வேறு. 2013இல் பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் ஐந்தாம் இடம் பிடித்தார்கள். 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறினார்கள். தாயான பிறகு களத்துக்குத் திரும்பிய அனிதா அந்த அணியிலும் இருந்தார். பிள்ளை பெற்றதோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. அவரது உழைப்பையும் உறுதியையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அந்த உறுதிக்குக் கீழே அசையாத ஒரு வேலை இருந்தது என்பதையும் வரலாறு பதிய வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லாமல் இல்லை. வேலை கிடைத்ததே லட்சியம் முடிந்ததற்கு அடையாளமாகிப் பலர் அங்கேயே தேங்கினார்கள். பார்வையாளரை ஈர்க்கும் அவசியமே துறை அணிகளுக்கு எழவில்லை. யுபிஏ என்ற தனியார் லீக் 2015இல் தொடங்கிச் சில பருவங்களில் நின்றுபோனது. பின்னர் ஐஎன்பிஎல் என்ற லீக் வந்தது. லீக்குகள் வரட்டும். ஆனால் சில பருவம் ஆடி மூடிவிடும் அமைப்பை நம்பி எந்தத் தகப்பன் தன் பெண்ணை அனுப்புவான்?

நிறுவனம் என்றால் என்ன என்பதை ஆய்க்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் 1975இல் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த இளைஞர் ராமகிருஷ்ணன். தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் பெயரால், 1981இல் ஒரு சில மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். இன்று அது பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என விரிந்து நிற்கிறது. கூடைப்பந்தும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைகளில் சக்கர நாற்காலியில் ஏறியது. 1960 ரோம் பாராலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. இந்தியாவில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு ஒரு கூட்டமைப்பை உருவாக்கியவர் சென்னையில் வாழும் மாதவி லதா. தனிமனிதர் தொடங்கலாம், ஆண்டுக்கணக்கில் தாங்கிப்பிடிப்பது அமைப்புதான்.

ஆய்க்குடி அடங்கிய தென்காசி தனி மாவட்டமானது 2019இல். ஒரு தலைமுறை வீரர்களை வளர்க்க இதுவே தொடக்கக் காலம். சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் திறந்தவெளிக் களம் வழுக்கும். ஆகவே கூரையுள்ள களம் வேண்டும், சக்கர நாற்காலியும் ஏறும்படி. அரசுப் பள்ளிகளில் காலியாகும் உடற்கல்வி ஆசிரியர் இடங்களை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். மத்திய, மாநிலத் துறைகள் கூடைப்பந்துக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டா இடங்களைக் குறைக்காமல் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். விருது கடைசியில் வருவது. சம்பளமும் களமும் வாத்தியாரும் முதலில் வரவேண்டும்.