பழைய கார் வாங்குறீங்களா? ஆர்.சி. புக்கைப் பார்க்கும்போதே சாவியையும் எண்ணுங்க!

ஞாயிற்றுக்கிழமை. நண்பர்கள் நாலு பேர், போன மாசம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார், கல்வராயன் மலைக்கு ஒரு ட்ரிப். கள்ளக்குறிச்சியில் டிபனை முடித்துவிட்டு கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறி, பெரியார் அருவியில் ஆசை தீரக் குளியல். கரையேறி வந்து ஷார்ட்ஸ் பாக்கெட்டைத் தடவினால், கார் சாவி இல்லை.

இன்னொரு சாவி? அது வரவே இல்லை. "வீட்ல எங்கயோ இருக்கு சார், தேடி எடுத்து கூரியர் போடுறேன்" என்று கார் விற்றவர் சொன்னார். நாமும் விலை பேசி முடித்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டோம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஒரே சாவியோடு பழைய கார் வாங்கி ஓட்டுபவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அந்த இரண்டாவது சாவியை ஏன் சும்மா விடக் கூடாது என்று பார்ப்போம்.

சாவிக்குள்ள அப்படி என்ன இருக்கு?

அம்பாசிடர் காலத்தில் சாவி என்பது வெறும் இரும்பு. அதில் உள்ள பல்வெட்டு பூட்டுக்குப் பொருந்தினால் போதும், வண்டி ஸ்டார்ட் ஆகும். தொலைந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூப்ளிகேட் சாவி போடுபவர் அரம் வைத்து ராவிக் கொடுத்துவிடுவார்.

இப்போதைய கார்களில் 'இம்மொபிலைசர்' என்ற பூட்டு இருக்கிறது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு குட்டி சிப் இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவியைத் திருகும் இடத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ரேடியோ அலையை அனுப்பும். அந்த ஆற்றலிலேயே சிப் விழித்துக்கொண்டு தன் அடையாளக் குறியீட்டைச் சொல்லும். காரின் கணினி தன்னிடம் பதிவாகியுள்ள குறியீட்டோடு அதை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் மட்டுமே இன்ஜினை ஓட விடும்.

அதனால்தான் பல்வெட்டை மட்டும் நகலெடுத்த சாவி கதவைத் திறக்கும், சுவிட்சையும் திருப்பும். ஆனால், இன்ஜின் ஓடாது, அல்லது ஓரிரு நொடி ஓடிவிட்டு நின்றுவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தண்ணீரில் விழுந்த சாவி கிடைத்துவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். கதவு திறக்கும் ரிமோட் பழுதாகலாம். பேட்டரியை நம்பாத அந்தச் சிப் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி?

திருட்டுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். நெதர்லாந்தின் தரவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான பொருளாதார ஆய்வு, இந்தக் கருவியால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைந்ததாகச் சொல்கிறது.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே விற்ற ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இம்மொபிலைசர் இல்லை. யு.எஸ்.பி. கேபிளின் முனையை வைத்தே ஸ்டார்ட் செய்யலாம் என்று டிக்டாக்கில் வீடியோக்கள் பரவ, திருட்டு தாறுமாறாக ஏறியது. 2023-ல் அந்த நிறுவனங்கள் சுமார் 20 கோடி டாலர் மதிப்பிலான சமரசத்துக்கு ஒப்புக்கொண்டன.

ஆக, சிப் சாவி நமக்குத் தொல்லை கொடுக்க வந்ததல்ல. திருடனுக்குப் போட்ட பூட்டு அது. சாவியைத் தொலைத்துவிட்ட உரிமையாளரும் அதே பூட்டின் முன்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒண்ணு இருந்தா ஒரு கதை, ஒண்ணுமே இல்லைன்னா வேற கதை

வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருந்தால், இன்னொன்று போடுவது பெரும்பாலான மாடல்களில் சுலபம். ஷோரூம் சர்வீஸ் சென்டரிலோ, கருவி வைத்திருக்கும் சாவிக்கடையிலோ இரண்டு வழிகளில் செய்வார்கள். ஒன்று, இருக்கும் சிப்பை அப்படியே நகலெடுப்பது. மற்றொன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் செருகி, புதிய சாவியைக் காரின் கணினியில் பதிவது. சாதாரண சிப் சாவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் கீ என்றால் பத்தாயிரத்தையும் தாண்டலாம்.

எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் நிலைமை வேறு. பல்வெட்டுக்கு சாவி எண் வேண்டும். பல மாடல்களில் கணினியைத் திறக்க ரகசிய பின் எண்ணும் வேண்டும். சேசிஸ் எண்ணை வைத்து அதைத் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும். அதற்கு ஆர்.சி., அடையாள அட்டை கேட்பார்கள். சாவி தொலைந்ததற்கு போலீஸ் கொடுத்த ரசீதைக் கேட்பவர்களும் உண்டு. சில கார்களில் கணினிப் பகுதியையே மாற்ற வேண்டிவரும். அப்போது பில் எகிறும்.

இதெல்லாம் ஊருக்குள் நடந்தால் அலைச்சலோடு போகும். மலை மேல் நடந்தால்? ஸ்டீயரிங் லாக் ஆகியிருக்கும், அந்தக் காரைக் கயிறு கட்டி இழுக்க முடியாது. தூக்கி ஏற்றும் வண்டி கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வர வேண்டும். இல்லையென்றால் கருவியோடு ஒருவர் மேலே வர வேண்டும்.

சுற்றுலா வந்தவர்களுக்கு அது ஒரு நாள் கஷ்டம். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் குடியிருப்பவர்களுக்கு அப்படியில்லை. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும், மரவள்ளி விற்ற பணத்தை வாங்கி வரவும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே வண்டி, அதற்கு ஒரே சாவி என்றால், அந்தக் குடும்பம் அந்தச் சிப்பை நம்பித்தான் மலைமேல் வாழ்கிறது.

அதனால், இரண்டாவது சாவி போடுவதற்குச் சரியான நாள், முதல் சாவி பத்திரமாகக் கையில் இருக்கும் நாள்தான்.

அந்த இன்னொரு சாவி யாருகிட்ட இருக்கு?

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. பழைய உரிமையாளர், அவருடைய டிரைவர், புரோக்கர், மெக்கானிக் என யாரிடம் இருந்தாலும், பெயர் மாறிவிட்டது என்பது காருக்குத் தெரியாது. அந்தச் சாவியைப் போட்டால் உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும்.

இதற்குத் தீர்வு உண்டு. எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்பதைப் பல மாடல்களில் கருவி மூலம் பார்க்கலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்களிடம் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள். பழைய சாவி அதன் பிறகும் கதவைத் திறக்கக்கூடும், ஆனால் இன்ஜினை ஓட்டாது.

இன்சூரன்ஸிலும் இது வந்து நிற்கும். கார் திருடுபோய் கிளெய்ம் போட்டால், எல்லா ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கம். 'வாங்கும்போதே ஒண்ணுதான் சார் கொடுத்தாங்க' என்பதற்கு உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால், சாவி போட்டுத் தர சர்வீஸ் சென்டர் மறுக்கலாம். அது நியாயமும்கூட. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்குத்தான். பாலிசியில் பெயர் மாற்றவும் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லாம் வாங்குறவர் தலையில்தானா?

இல்லை. விதிகளிலும் ஓட்டை இருக்கிறது.

பழைய கார் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. தங்களிடம் உள்ள வாகனத்தை எதற்காக எடுத்தார்கள், யார் ஓட்டினார்கள், எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேட்டில் அவர்கள் எழுதி வைக்க வேண்டும். இத்தனையையும் எழுதச் சொல்லும் அரசு, 'எத்தனை சாவிகள் ஒப்படைக்கப்பட்டன' என்ற ஒரு வரியையும் விற்பனை ஆவணத்தில் கட்டாயமாக்கலாமே! இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

அடுத்தது, சாவி போடும் உரிமை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால், சாவித் தகவல் என்று வரும்போது, 'பாதுகாப்பு' என்ற காரணத்தைச் சொல்லி நிறுவனங்கள் எளிதாகக் கதவைச் சாத்திக்கொள்ள முடியும்.

பாதுகாப்பையும் வசதியையும் சேர்த்தே கொடுக்க முடியும். அமெரிக்காவில் 'நேஷனல் ஆட்டோமோட்டிவ் சர்வீஸ் டாஸ்க் ஃபோர்ஸ்' என்ற அமைப்பு, பின்னணி சரிபார்த்த சாவி தொழிலாளர்களைப் பதிவு செய்கிறது. வாடிக்கையாளர்தான் உரிமையாளர் என்று உறுதி செய்த பிறகு, அவர்கள் நிறுவனத்திடமிருந்தே சாவிக் குறியீட்டைப் பெறலாம். யார், எந்தக் காருக்குக் கேட்டார்கள் என்பது பதிவாகிவிடும். இங்கும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தால், கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் சாவிக்காரரும் முறையாக இந்த வேலையைச் செய்யலாம்.

இந்தியச் சந்தையை விட்டுப்போன கம்பெனிகளின் கார்களுக்கு இது இன்னும் அவசியம். செவர்லே விற்பனை 2017 இறுதியோடு நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022-ல் முடிந்தது. விலை குறைவு என்று அந்தக் கார்களை வாங்குபவர்களுக்கு, சாவித் தகவல் தரும் இடம் வருடத்துக்கு வருடம் தூரமாகிக்கொண்டே போகும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* இரண்டு சாவிகளையும் கேளுங்கள். ஒன்றுதான் என்றால், புதுச் சாவிக்கான செலவை விலையில் குறையுங்கள்.

* ஒவ்வொரு சாவியிலும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போது மற்றொரு சாவி பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் சிப்பைப் படித்துவிட்டு, சிப் இல்லாத சாவியிலும் வண்டி ஓடிவிடும்.

* புதுக் காரோடு வந்த சாவி எண் பொறித்த சின்ன வில்லை அல்லது அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அதை காருக்குள் வைக்காதீர்கள்.

* டொயோட்டாவின் சில பழைய மாடல்களில் மாஸ்டர் சாவி இருந்தால்தான் புதுச் சாவியை எளிதாகச் சேர்க்க முடியும். உங்களுக்குத் தருவது எந்தச் சாவி என்று பாருங்கள்.

* எத்தனை சாவி கொடுத்தார்கள் என்பதை விற்பனை ரசீதில் எழுதி, விற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், மலைக்குப் போகும்போது இரண்டாவது சாவியையும் எடுத்துப் போங்கள். ஆனால், இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டாதீர்கள். ஒன்று ஓட்டுபவரிடம், மற்றொன்று அருவியில் குளிக்காமல் கரையில் உட்கார்ந்திருக்கும் நண்பரிடம்!