சுட்ட களிமண் கலப்படம் அல்ல

'சிமென்டில் களிமண் சேர்ப்பது சட்டம் அனுமதித்த கலப்படம்' என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். பச்சை மண்ணையும் சுட்ட மண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் இதில் உள்ள பிழை.

பச்சைக் களிமண் கெடுதல்தான். கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே வண்டலாகப் படிகிறதே, அதுதான் கலவைத் தண்ணீரை உறிஞ்சி, ஜல்லியில் பசை ஒட்டவிடாமல் செய்வது. கொத்தனார் மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதும் அதனால்தான்.

ஆனால் கயோலின் உள்ள களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் அதன் படிகக் கட்டமைப்பு குலைந்துவிடுகிறது. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் அது வினைபுரிந்து, புதிய பிணைப்புப் பசையாகிறது; நுண்துளைகள் அடைபடுகின்றன, உப்பு கம்பியை எட்டத் தாமதமாகிறது. கடலோரத்தில் வீடு கட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமா?

பாதி கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்டின் மூலப்பொருள்), 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மிச்சம் ஜிப்சம்: எல்.சி.3 எனப்படும் சிமென்டின் வழக்கமான கலவை இது. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும். அதற்காகச் சுடும் சுண்ணாம்புக்கல் சிதைந்து கரியமில வாயுவும் வெளியேறும். களிமண்ணிலிருந்து வெளியேறுவது நீராவி.

முதல் நாள் வலிமை குறைவு, கலவை இளக வேதிப்பொருள் கூடுதலாக வேண்டும் என்பவை உண்மை. அவற்றைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கியும் சுட்ட மண் பொடிதான். அதையும் கலப்படம் என்பாரா?