வெயிட் குறைஞ்சாத்தான் ஆபரேஷன்... ஆபரேஷன் ஆனாத்தான் வெயிட்!

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்" என்று ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி சொல்வார்கள். எங்கள் பொட்டி தட்டும் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். ரெண்டு புரோகிராம் இருக்கும். இது கையில வச்சிருக்கிறது அதுக்கு வேணும், அது கையில வச்சிருக்கிறது இதுக்கு வேணும். ரெண்டும் விட்டுக்கொடுக்காது. சர்வர் தேமேன்னு நிற்கும். அதையாவது ரீஸ்டார்ட் பண்ணித் தொலைக்கலாம். முழங்காலை என்ன பண்றது?

மேட்டர் இதுதான். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துக்கலாம்னு போறவங்கள்ல கொஞ்சம் குண்டா இருக்கிறவங்களுக்குக் கிடைக்கிற பதில், "முதல்ல பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்." எங்கம்மாவுக்கும் அதேதான் கிடைச்சது. வயசு 59. உயரம் 152 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. கணக்குப் போட்டா பி.எம்.ஐ. 38. ரெண்டு முழங்காலும் தேய்மானம், வலது பக்கம் ரொம்ப மோசம். எட்டு வருஷமா வலி. கூடவே சர்க்கரை. ஏழு நிமிஷ கன்சல்டேஷன்ல எடையைப் பற்றின பேச்சு அந்த ஒரு வரிதான். எப்படிக் குறைக்கிறது, எத்தனை மாசத்துல, யார் சொல்லிக் கொடுப்பாங்க, அதுவரைக்கும் வலிக்கு என்ன வழி... ஒண்ணும் கிடையாது.

வெளியே வந்து ஆட்டோவுல ஏறும்போது அம்மா கேட்டாங்க: "ஏன்டா, நடக்க முடியலன்னுதானே அவர்கிட்ட வந்தேன்? நடந்து எடையைக் குறைச்சுட்டு வான்னு அனுப்புறாரே!"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டாக்டர் சொன்னது தப்பில்லை. ஆனால் அது பாதி வாக்கியம். மீதிப் பாதியைச் சொல்லாமல் வலியோடு இருக்கிற ஒருத்தரை வீட்டுக்கு அனுப்புவது, சிகிச்சை கிடையாதுன்னு சொல்றதுக்குச் சமம்.

முதலில் டாக்டர் பக்க நியாயம். உடல் எடை ரொம்ப அதிகமாக இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு புண் ஆறுவது தாமதமாகலாம், கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடும், மயக்க மருந்து கொடுப்பதிலும் சிக்கல் அதிகம். செயற்கை மூட்டில் தொற்று வந்தால் சாதாரண விஷயமில்லை, சில சமயம் வைத்த மூட்டையே கழற்றி எடுக்க வேண்டி வரும். அதனால்தான் அமெரிக்க இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் குழு 2013-ல், பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது பற்றி யோசிக்கலாம் என்று சொன்னது. கவனிக்க: 40-க்கு மேல். அதுவும் "யோசிக்கலாம்".

எடை குறைந்தால் வலி குறையும் என்பதும் உண்மைதான். 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் பளு சுமார் நாலு கிலோ குறைகிறது. நமக்குத்தான் கணக்குன்னா கை அரிக்குமே... வீட்டுக்குள்ளேயே ஒரு நாளைக்கு 2,000 அடி நடக்கிறாங்கன்னு வையுங்க. ஒரு காலுக்கு 1,000 அடி. ஒரே ஒரு கிலோ குறைஞ்சா அந்த ஒரு முழங்காலுக்கு ஒரு நாளில் மொத்தமா 4 டன் மிச்சம்! இதைச் சொன்னப்பதான் அம்மா முகத்துல முதல் தடவையா கொஞ்சம் ஆர்வம் தெரிஞ்சது. "பத்து கிலோ" மலை மாதிரி இருந்தது. "ஒரு கிலோ" கைக்கு எட்டுற மாதிரி இருந்தது.

இப்ப மறுபக்கம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதலில், பி.எம்.ஐ. மாதிரி அளவுகளை மட்டும் வைத்து யாரையும் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பரிந்துரைக்காமல் விடக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 2023-ல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கல்லூரியும், மேலே சொன்ன அதே நிபுணர்கள் சங்கமும் சேர்ந்து கொடுத்த வழிகாட்டுதல், மற்ற சிகிச்சைகள் பலன் தராத நிலையில், ஒரு குறிப்பிட்ட எடையைத் தொடணும் என்பதற்காக மட்டும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறது. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் தள்ளிப்போட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்கிறது. ஆக, "வெயிட்டைக் குறைச்சாத்தான் உள்ளேயே விடுவோம்" என்பது மருத்துவத்தின் கடைசி வார்த்தை இல்லை. அது ஒரு கருத்து. அதன் மேல் கேள்வி கேட்கலாம்.

சரி, ஏன் குறைய மாட்டேங்குது? நம்மாளுங்க கிட்ட ரெடிமேட் பதில் இருக்கு. வீட்டுக்கு வர்ற சித்தி பெரியம்மா எல்லாரும் சொல்றது, "வாயைக் கட்டினா போதும்." கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நாள்பட்ட வலி உள்ளவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். ராத்திரி புரண்டு படுக்கும்போது வலிச்சு முழிப்பு வரும். தூக்கம் கெட்டா மறுநாள் பசி கூடும், மனசு சோர்ந்து போகும். நடந்தா வலிக்கும்னு நடையைக் குறைச்சா தொடைத் தசை மெலியும். அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்குகிற தூண். தூண் பலவீனமானா வலி இன்னும் கூடும். இதுல எந்த இடத்துல "திமிரு", "சோம்பேறித்தனம்" வந்தது? நாக்கு ருசிதான் காரணம்னா உலகத்துல பாதிப் பேருக்கு முழங்கால் போயிருக்கணும்.

வாக்கிங் போ, வாக்கிங் போ என்று சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2013-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 454 பேரை மூணு குழுவாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்த குழுவில் சராசரியாகக் குறைந்தது 2 கிலோவுக்கும் கம்மி. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்த குழுவில் கிட்டத்தட்ட 9 கிலோ. ரெண்டும் சேர்ந்த குழுவில் 10 கிலோவுக்கு மேல், வலி குறைந்ததும் அவர்களுக்குத்தான் அதிகம். அதாவது எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டு. தசையைக் காப்பாற்றுவது பயிற்சி. ஆனா முக்கியமான பாயிண்ட் வேற. அந்த 454 பேரை "போய்க் குறைச்சுட்டு வாங்க"ன்னு அனுப்பலை. ஒன்றரை வருஷம் கூடவே ஆள் வைத்து உணவும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தாங்க. அந்த உதவிதான் சிகிச்சை. நம்ம ஊர்ல உதவியைக் கழிச்சுட்டு ரிசல்ட்டை மட்டும் கேட்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "ரெண்டு மாசத்துல பத்து கிலோ" என்று பயமுறுத்தினால் ஜனங்க பட்டினி கிடக்க ஆரம்பிச்சுடுவாங்க. கஞ்சி, வெறும் ரசம், பேப்பரில் விளம்பரம் வரும் பொடி... எடை குறையும், கூடவே தசையும் கரையும். புரதச்சத்து இல்லாத உடம்புல புண் ஆறுவது இன்னும் தாமதமாகும். எதுக்காக எடையைக் குறைக்கச் சொன்னாங்களோ அந்தக் காரணமே அடிபட்டுப் போகும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம சாப்பாட்டைக் குறைச்சா, சர்க்கரை தடாலடியா இறங்கி மயக்கம் போடவும் வாய்ப்பு இருக்கு.

ஊசி மருந்து பற்றியும் நாலு பேர் கேட்பீங்க. செமாகுளூடைடு என்ற மருந்தை உடல் பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேரிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு 2024-ல் வெளியானது. 68 வாரத்தில் மருந்து எடுத்தவர்களுக்கு சராசரியாக 13.7 சதவீதம் எடை குறைந்தது, வலியும் நன்றாகக் குறைந்தது. எடை குறைப்புக்கான இதன் ஊசி 2025-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. வாந்தி, குமட்டல் மாதிரி தொந்தரவுகள் உண்டு, எல்லாருக்கும் ஒத்துக்காது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாத சமாசாரம். ஆனா ஒண்ணு கவனிங்க. மருந்து கொடுத்தா குறையுது என்றால், இது வெறும் மன உறுதிப் பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?

அப்ப அந்த மீதிப் பாதி வாக்கியம் எப்படி இருக்கணும்? நாங்க ரெண்டாவதா போன டாக்டர் சொன்னதை அப்படியே தர்றேன். ஒண்ணு, முதலில் வலிக்கு ஒழுங்கான ஏற்பாடு. மெடிக்கல் ஷாப்ல அம்மா தானா வாங்கிப் போட்டுக்கிட்டிருந்த வலி மாத்திரையை நிறுத்தினார் (சர்க்கரை உள்ளவங்களுக்குக் கிட்னிக்கு ஆகாதாம்). பதிலுக்கு வேற மாத்திரை, எப்ப எடுக்கணும்னு நேரத்தோட எழுதிக் கொடுத்தார். ரெண்டு, டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட் ரெண்டு பேர்கிட்டயும் அவரே அனுப்பினார். மூணு, "நாலு மாசத்துல அஞ்சு கிலோ, சர்க்கரை கட்டுக்குள்ள. குறைஞ்சாலும் சரி, குறையாட்டியும் சரி, நாலு மாசம் கழிச்சு வாங்க, அன்னைக்கு முடிவு பண்ணலாம்" என்றார். அந்த "குறையாட்டியும் சரி" இருக்கே, அதுதான் டெட்லாக்கை உடைச்சது. அதுல ஒரு தேதி இருந்தது. கதவு திறந்தே இருந்தது.

வீட்ல பெரிய புரட்சி எல்லாம் இல்லை. அஞ்சு இட்லி மூணாச்சு, கூட ஒரு முட்டை. சோறு பாதி, பொரியலும் கூட்டும் டபுள். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். நாலு காபி ரெண்டாச்சு. மிச்சம் மீதியை வீணாக்கக் கூடாதுன்னு அம்மா சாப்பிடுறது நின்னு, அது ஃப்ரிட்ஜுக்குப் போகுது. அடுப்பு பக்கத்துல ஒரு உயரமான ஸ்டூல். நாற்காலியில உட்கார்ந்தபடி காலை நேரா நீட்டிப் பத்து எண்ணுற பயிற்சி, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அப்பா 63 வயசுல சட்னி அரைக்கக் கத்துக்கிட்டார் (உப்பு மட்டும் இன்னும் பிடிபடலை :-)).

நாலு மாசத்துல குறைஞ்சது நாலரை கிலோ. டார்கெட்டுக்கு அரை கிலோ பாக்கி. டாக்டர் திட்டலை. சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு வலது காலுக்குத் தேதி குறிச்சுக் கொடுத்துட்டார்.

எடை குறைக்கிறது ஆபரேஷனுக்கான தயாரிப்பு. நோயாளி தன் தகுதியை நிரூபிக்கிற நுழைவுத்தேர்வு இல்லை. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒருத்தர் வீட்டை விட்டு வெளியே வர்றதா, கட்டிலோட முடங்குறதான்னு தீர்மானிக்குது. உங்க வீட்ல யாருக்காவது அந்த ஒரு வரி கிடைச்சா, எழுந்து வந்துடாதீங்க. அங்கேயே உட்கார்ந்து மூணு கேள்வி கேளுங்க: அதுவரைக்கும் வலிக்கு என்ன? யார் உதவுவாங்க? குறையலைன்னா என்னைக்கு வரணும்?

பதில் சொல்லாத டாக்டரா இருந்தா, ஊர்ல வேற டாக்டரும் இருக்காங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சாதா பொட்டி தட்டுறவன். மருந்து, ஊசி எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. முழங்கால் மாத்திக்கிட்டவங்க யாராவது இருந்தா, முதல் பத்து நாள் எப்படி இருக்கும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. அம்மா தினமும் கேட்கிறாங்க.