கொட்டியாரக் குடாவில் கலக்கும் நமது மண்

கடந்த மார்கழி விடுமுறையில் எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்குப் போனோம். கோணேசரைக் கும்பிட்டு, துறைமுகத்தைப் பார்த்து, மறுநாள் கிண்ணியா தாண்டி மூதூர்ப் பக்கம் போகும்போது கங்கைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தினோம். கீழே மகாவலி. மழைக்காலம் என்பதால் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. “இது நம்ம பக்கத்து ஆறுதான். கொஞ்ச தூரத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருது” என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: “அப்ப இந்தச் சேறும் நம்ம மலையிலயிருந்தா வருது, சேர்?”

அந்தக் கேள்வி எங்களோடேயே மலைக்குத் திரும்பி வந்தது. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தொழிலாளத் தோழர்களுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மழைத்தண்ணீர் களனி கங்கைக்குப் போகிறது. அக்கரப்பத்தனை, தலவாக்கலை, நானுஓயா, பூண்டுலோயா, இறம்பொடை மலைகளில் பெய்யும் மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. வெலிமடையின் உமா ஓயாவும் பதுளை ஓயாவும் கூட மகாவலிக்கே போகின்றன. 335 கிலோமீற்றர் ஓடி, இந்த நாட்டின் மிக நீளமான ஆறு திருகோணமலை மாவட்டத்தில்தான் கடலைத் தொடுகிறது. ஆற்றில் வரும் சேறு முழுவதும் தேயிலை மலை மண் அல்ல. மரக்கறித் தோட்டம், சேனை, வீதி வேலை, வயல் எல்லாவற்றின் மண்ணும் அதில் உண்டு. பாரமான மண் வழியிலுள்ள அணைகளிலேயே தங்கிவிடுகிறது. 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணையின் நீர்த்தேக்கம் பன்னிரண்டு வருடங்களுக்குள்ளேயே கொள்ளளவில் நாற்பது வீதத்துக்கு மேல் மண்ணால் நிரம்பிவிட்டது. குடா வரை வந்து சேருவது மிச்சமுள்ள மென்மையான வண்டல். ஆனால் அந்த வண்டலில்தான் மண்ணின் சத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதை நேற்றுத் தொடங்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காட்டை வெட்டிக் கோப்பி வைத்தார்கள், கோப்பி அழிந்ததும் தேயிலை வைத்தார்கள். செங்குத்தான சரிவில் ஒரு புல் கூட இல்லாமல் சுரண்டியால் சுரண்டி வைத்திருப்பதே நல்ல தோட்டம் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். நம் பாட்டன் பூட்டன் கையால்தான் அந்தச் சுரண்டல் வேலையும் நடந்தது. மண் போவதைக் கண்டு 1931இலேயே மண்ணரிப்புப் பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் இன்றும் இருக்கிறது, மண் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.

மண்ணைப் பிடித்து வைக்கும் வேலை என்னவென்று நமக்குத் தெரியாதா? கான் வெட்டுவது, கானில் நிறைந்த மண்ணை அள்ளி மறுபடி தூரில் போடுவது, முள்ளுக் குத்துவது, செத்த தூரைப் பிடுங்கிவிட்டு வெற்றிடத்தில் கன்று வைப்பது, முள்ளுமுருங்கை நட்டு அதன் தழையை வெட்டிப் போடுவது. முன்பு இதற்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள், பேரும் விழுந்தது. இப்போது ஆள் குறைவு என்று பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. புல்லுவெட்டு இருந்த இடத்தில் மருந்தடிப்பு வந்திருக்கிறது. மருந்தடித்துப் புல் செத்த மலையில் அடுத்த மழைக்கு மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒரு வேர் கூட இல்லை.

மழை கொண்டுபோவது ஒரு பக்கம். நம் கூடையில் போவது இன்னொரு பக்கம். 20 கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்தால் 4 கிலோவுக்குச் சற்று மேல் தூள் கிடைக்கும். தேயிலைத் தூளில் நூற்றுக்கு நான்கு பங்காவது நைதரசன். அதாவது ஒருவர் ஒரு நாள் பறிக்கும் கொழுந்தோடு 160 கிராமுக்குக் குறையாத நைதரசன் மலையை விட்டுப் போகிறது. அதை மட்டும் ஈடு செய்யவே ஏறக்குறைய 350 கிராம் யூரியா வேண்டும். அந்த யூரியாவிலும் ஒரு பங்கு மழையில் கரைந்தும் காற்றில் கலந்தும் போய்விடும். கரைந்தது எங்கே போகிறது? ஓயாவுக்கு, அணைக்கு, கடைசியில் குடாவுக்கு. மலையில் போட்ட உரச் சத்து நீர்த்தேக்கத்தில் சேர்ந்தால் அங்கே பாசியை வளர்க்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தில் நின்றபோது இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தோம். சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறிமா மாவு ஆலைக்கு வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வருகிறது. நாம் காலையில் சுடும் ரொட்டி பிறநாட்டு மண்ணின் சத்து. நம் மலையின் சத்து தேயிலைப் பெட்டியில் பிறநாட்டுக்குப் போகிறது. அதற்கு ஈடான உரமும் கப்பலில்தான் வர வேண்டும்.

அந்தக் கப்பலை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021இல் அனுபவித்தோம். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. 2021இல் நாட்டில் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோ தேயிலை உற்பத்தியானது. மறு வருடம் 251 மில்லியனாக விழுந்தது. மூதூர், கந்தளாய் விவசாயிகள் வயலில் பட்ட அதே அடியைத்தான் நாம் மலையில் பட்டோம். இயற்கை உரம் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நூற்றைம்பது வருடம் வெறுமையாக்கிய மண்ணை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தேற்ற முடியாது என்கிறோம். யூரியா மட்டும் போட்டும் அதைத் தேற்ற முடியாது. தழை, சாணம், மட்கு திரும்பி வராத மண் உரத்தையும் தண்ணீரையும் பிடித்து வைக்காது.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். அதே 2021இல் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாயானதும் பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். சம்பள உயர்வு கேட்கும் ஒவ்வொரு முறையும் “உற்பத்தித்திறன் குறைவு” என்ற பதில் வருகிறது. தூர் செத்து, கான் தூர்ந்து, கல் தெரியும் மலையில் நிற்கும் அக்காவின் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் இல்லாத கொழுந்தைப் பறிக்க முடியுமா? 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. குத்தகைக்கு எடுத்தவர் பராமரிக்க வேண்டிய நிலத்தின் குறையை நம் பேரில் வெட்டுவது நியாயமில்லை.

எனவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு மண்ணையும் மேசையில் வைக்க வேண்டும். கான் வெட்டு, மண் அள்ளிப் போடுதல், முள்ளுக் குத்து, வெற்றிடம் நிரப்புதல் ஆகியவை வருடத் திட்டமாக, முழுப்பேருக்கான வேலையாக எழுதப்பட வேண்டும். கிலோவை மலையின் நிலையைப் பார்த்துத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். மறுநடுகைக்கு முன் மாணாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையமே இதைத்தான் சொல்கிறது.

நம் பக்கமும் ஒன்று உண்டு. கவ்வாத்து மிலாறு மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பொருள். அதை நாம் அடுப்புக்குக் கொண்டு போகிறோம். வேறு விறகு இல்லாத லயத்துப் பெண்ணிடம் மிலாறை விடு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் விறகு மரத்துக்கென்று ஒரு துண்டு நிலம் கேட்கலாம். லயத்துக் குப்பையையும் மாட்டுச் சாணத்தையும் மட்காக்கி நம் மரக்கறிப் பாத்திக்குப் போடலாம்.

பாலத்தில் கேட்ட பிள்ளைக்கு அன்று, “ஆமா, நம்ம மண்ணும் இதுல இருக்கு” என்று மட்டும் சொன்னோம். அந்தப் பிள்ளை மலையில் வேலை செய்ய வேண்டும் என்று நாங்கள் விரும்பவில்லை. எந்த வேலைக்குப் போனாலும், தன் வீடும் கோயிலும் பாடசாலையும் நிற்கும் மலையில் மண் இருக்க வேண்டும். அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் மலையில் எந்தக் கான் எத்தனை வருடமாக வெட்டாமல் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பேச்சுவார்த்தையை அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.