முப்பது இட்லிக் கணக்கு

கல்யாணப் பந்தியில் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் போன வருடம் 120 கிலோ. இன்று சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. "டயட்டா?" என்று ஒருவர் கேட்கிறார். "அதெல்லாம் இல்லைங்க, வயித்தை வெட்டித் தெச்சுக்கிட்டாரு. காசு இருக்கு, ஒரே நாள்ல வேலையை முடிச்சுட்டாரு" என்கிறார் பக்கத்து இலைக்காரர். அதற்கு அடுத்த இலையில் இருக்கும் அத்தைக்குப் பரிதாபம்: "பாவம், இனிமே ஆயுசுக்கும் நாலு ஸ்பூன் கஞ்சிதான்."

பொறாமை ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்று: ஆபரேஷன் அன்றோடு அந்த மனிதரின் சாப்பாட்டுக் கதை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை. பேரியாட்ரிக் சர்ஜரி என்கிற எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி ஊரில் புழங்கும் பேச்செல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவைதான்.

இதைப் பந்தி வம்பு என்று தள்ளிவிட முடியாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இவர்களில் சிலருக்கே ஆபரேஷன் தேவைப்படும். ஆனால் அந்தச் சிலர் முடிவெடுப்பது இந்தப் பேச்சுகளுக்கு நடுவில்தான். ஒவ்வொரு கிளையாகப் பார்ப்போம்.

"வாயைக் கட்டத் தெரியாதவர்களின் குறுக்குவழி"

ஐந்தாறு கிலோ கூடியவருக்கு வாயைக் கட்டுவதும் நடப்பதும் பலன் தரும். அதில் தகராறு இல்லை. நாற்பது, ஐம்பது கிலோ கூடியவரின் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் தலைமையிலான ஆய்வாளர்கள் ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ இளைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்களுடைய உடல் செலவிட்ட சக்தி, எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-ல் வெளிவந்த இந்த முடிவு சொல்வது இதுதான்: உடம்பு தன் பழைய எடையை மறப்பதில்லை, செலவைச் சுருக்கிக்கொண்டு அதை மீட்கப் பார்க்கிறது.

பசியும் சும்மா இருப்பதில்லை. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்த கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. மூளைக்குப் பசியை அறிவிப்பது அதன் வேலை. உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்தவர்களுக்கு இது கூடிவிடுகிறது என்று 2002-ல் வந்த ஆய்வு காட்டியது. 'ஸ்லீவ்' என்ற வகை ஆபரேஷனில் அந்த மேற்பகுதியோடு சேர்த்து இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் அகற்றப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். பெரிய எடை இறங்கிய பிறகும் பசி முன்போல் கூச்சல் போடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய 'எஸ்.ஓ.எஸ்.' ஆய்வு அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் சராசரி எடை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. இரைப்பையின் மேற்புறத்தைச் சிறு பையாகத் தைத்துச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் 'பைபாஸ்' என்ற இன்னொரு வகை ஆபரேஷனைச் செய்துகொண்டவர்கள் 25 சதவீதம் குறைந்திருந்தார்கள்.

"காசு இருக்கு" என்பதும் முழு உண்மை இல்லை. சென்னையில் அரசு மருத்துவமனையிலும் இது செய்யப்படுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 40-ஓ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும், 35-ஓ அதற்கு மேலோ இருந்து அதோடு கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற கடுமையான தொல்லை உள்ளவர்களுக்கும், மற்ற முயற்சிகள் பலிக்காதபோது பாலிசியில் இடமுண்டு. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 35 என்பது சுமார் 95 கிலோ.

"அதான் ஆபரேஷன் இருக்கே, அதுவரைக்கும் ஆசைதீரச் சாப்பிடு"

தேதி குறித்ததும் பிரியாணிக் கடைக்கு வழியனுப்பு விழா நடத்தும் நண்பர்கள் உண்டு. இந்த அன்பின் விளைவை முதலில் சந்திப்பவர் அறுவை மருத்துவர்.

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் போர்வைபோல் கிடக்கிறது. பருமனானவர்களுக்குப் பெரும்பாலும் அது கொழுப்பேறிப் பருத்திருக்கும். சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்துச் செய்யும் இந்த ஆபரேஷனில் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையே கண்ணில் படும். இரண்டு வாரம் அரிசி, மாவு, சர்க்கரையைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டி, கலோரியை இறக்கிச் சாப்பிட்டால் கல்லீரல் கண்கூடாகச் சுருங்குகிறது. ஆபரேஷனுக்கு முந்தைய டயட் பட்டியல் கையில் தரப்படுவது இதற்காகத்தான். கடைசி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுவதற்காக அல்ல.

ரத்தப் பரிசோதனையையும் அப்போதே முடிக்க வேண்டும். பருத்த உடம்பென்றால் சத்து நிறைந்த உடம்பு என்று அர்த்தமில்லை. இரும்பும் வைட்டமின் டி-யும் பி12-உம் குறைந்தவர்கள் அவர்களில் நிறைய. சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைபாடு இன்னும் சகஜம். பள்ளத்தில் இருப்பவரை ஆபரேஷனுக்கு அனுப்பினால் பள்ளம் ஆழமாகும். புகைப்பதை நிறுத்துவது, மென்று கூழாக்கி விழுங்குவது, சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்காமல் பழகுவது எல்லாவற்றுக்கும் ஒத்திகை இந்த நாட்களில்தான்.

"ஆயுசுக்கும் நாலு ஸ்பூன் கஞ்சி"

அத்தையின் பரிதாபத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது சில வாரங்களுக்கு மட்டும்.

முதல் நாட்களில் இருமல் மருந்து மூடியால் அளந்ததுபோல் மிடறு மிடறாகத் தெளிந்த நீராகாரம். பைபாஸில் தைத்து விடப்படும் புதுப் பை கொள்வதே ஆரம்பத்தில் சுமார் 30 மில்லி. இரண்டு மூன்று மூடிகளில் நிரம்பிவிடும். பிறகு பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி. அதன் பின் மசித்தவை, பிறகு குழைந்தவை. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பெரும்பாலானவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கே வந்துவிடுகிறார்கள். அளவு சிறியது, வேகம் குறைவு. ஒரு தட்டுக்கு இருபது, முப்பது நிமிடம்.

சிக்கல், வீட்டார் அன்போடு ஊட்டும் கஞ்சியில்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம். அந்த 60 கிராமை இட்லியிலேயே தேடினால் முப்பது இட்லி! அரை இட்லியிலேயே நிரம்பிவிடும் வயிற்றுக்கு இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவராது. அரிசிக் கஞ்சியில் அந்தப் புரதம்கூடக் கிடையாது. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவு. அதே எடை மீனில் 20 கிராமை ஒட்டி. அதனால்தான் டயட்டீஷியன்கள் தட்டை வரிசை மாற்றச் சொல்கிறார்கள்: முதலில் முட்டை, மீன், பனீர் அல்லது கெட்டிப் பருப்பு, அடுத்து காய், இடமிருந்தால் கடைசியாகச் சோறு. நம் பந்தி முறையை அப்படியே தலைகீழாகப் போடுவதுபோல.

புரதம் குறைந்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. மூன்றாவது மாதவாக்கில் தலைமுடி கொத்தாக உதிர்வது பலருக்கும் உள்ளதுதான். வேகமாக எடை குறைவதன் அதிர்ச்சியால் வருவது அது. சத்து சரியாக இருந்தால் சில மாதங்களில் வளர்ந்துவிடும்.

"இனி எதைத் தின்னாலும் எடை ஏறாது"

இது வீட்டுக்கு வீடு பரவியிருக்கும் நம்பிக்கை. அதிகம் கெடுப்பதும் இதுதான்.

அதே சுவீடன் ஆய்வைத் திருப்பிப் படித்தால் பதில் கிடைக்கும். பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தொட்ட உச்சம் 32 சதவீத இழப்பு. பத்தாம் ஆண்டில் நின்றது 25. ஒரு பகுதி திரும்பத்தான் செய்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பாளர் ஆல் ரோக்கர் 2002-ல் பைபாஸ் செய்துகொண்டவர். நூறு பவுண்டுக்கு மேல் குறைந்து, பிறகு அதில் ஒரு பகுதி ஏறி, மறுபடி போராடிக் குறைத்த கதையை அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார்.

எப்படி ஏறுகிறது? சுருங்கிய வயிறு சப்பாத்தியையும் கோழித் துண்டையும் தடுக்கும், முறுக்கைத் தடுக்காது. முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி எல்லாம் வாயிலேயே கரைந்து குழாய்க்குள் வழுக்கிப் போய்விடும். வயிறு நிரம்பிய உணர்வே வராது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் மாலை முழுவதும் கொறிப்பவர் மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டும் எடை ஏறுவது இப்படித்தான். சாப்பிட்டவுடன் குடிக்கும் தண்ணீரும் இதே உதவியைச் செய்கிறது. உணவைக் கீழே தள்ளி, அடுத்த பிடிக்கு இடம் பண்ணுகிறது. அதனால்தான் சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்தே தண்ணீர்.

இனிப்புக்குப் பைபாஸ்காரர்களிடம் ஒரு காவலாளி உண்டு. பாயசமோ மைசூர்பாகோ வேகமாகச் சிறுகுடலில் விழுந்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, மயக்கம். 'டம்பிங்' என்பார்கள். ஒருமுறை பட்டவர் பாயசக் கரண்டியைக் கண்டாலே இலையை மறைப்பார்.

மதுவுக்கு அப்படியொரு காவல் இல்லை. பைபாஸுக்குப் பிறகு அது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. குடிநோய் ஆபரேஷனுக்கு முன்பிருந்ததைவிட இரண்டாம் ஆண்டில் கூடியிருந்ததை 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது.

"சுகர் போயே போச்சு, இனி மாத்திரையே வேண்டாம்"

விளம்பரங்கள் விரும்பும் வரி. கிளீவ்லாந்து கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகள் 150 பேரைக் கொண்டு நடந்த 'ஸ்டாம்பீட்' ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017-ல் வந்தது. மூன்று மாத சர்க்கரை அளவு 6 சதவீதமோ அதற்குக் குறைவோ என்ற கடுமையான இலக்கை மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேர் எட்டினார்கள். ஸ்லீவ் செய்தவர்களில் 23. பைபாஸ் செய்தவர்களில் 29. மருந்தைவிடப் பல மடங்கு மேல். அதேசமயம், அறுவை செய்தவர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு மேல் அந்த இலக்குக்கு வெளியேதான் இருந்தார்கள். பலருக்குச் சர்க்கரை மாத்திரை குறைகிறது, சிலருக்கு நின்றே விடுகிறது. நின்ற நோய் திரும்பியும் வரலாம்.

ஆனால் வேறு மாத்திரைகள் ஆயுளுக்கும் வந்து சேர்கின்றன. பி12 உடலில் சேர உதவும் புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. பையைக் குறைத்தால் அதன் வரத்தும் குறைகிறது. ஆகவே பி12, இரும்பு, வைட்டமின் டி, நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும்; இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீயும் கூடாது.

தயமின் என்கிற பி1-க்குத் தனி எச்சரிக்கை. 1890-களில் ஜாவாவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதை டச்சு மருத்துவர் ஐக்மான் கவனித்தார். தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயின் முடிச்சு அங்கே அவிழத் தொடங்கியது, 1929-ல் நோபல் பரிசும் வந்தது. உடலில் தயமின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். ஆபரேஷன் ஆனவருக்கு நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், பேச்சு குழம்பினால், அதைக் களைப்பு என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றே மருத்துவமனை, முதலில் தயமின், அதன்பின்தான் குளுக்கோஸ் பாட்டில்.

"உயிரோடு விளையாட்டு"

2024 ஏப்ரலில் சென்னைப் பகுதித் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் இறந்தார். அரசு விசாரணை நடந்தது. அந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. அமெரிக்காவில் 4,776 பேரைப் பின்தொடர்ந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், அறுவை நடந்த 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். மறுபக்கத்தில், சுவீடன் ஆய்வின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அறுவை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாத பருமனானவர்களைவிட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொதுமக்களின் ஆயுளை அவர்களும் எட்டவில்லை. ஐந்தரை ஆண்டு பின்தங்கியே இருந்தார்கள்.

ஆகவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவர் பேக்கேஜ் விலையோடு இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா? டயட்டீஷியனை எத்தனை முறை பார்க்கலாம்? ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை ஆண்டுகள் கூப்பிடுவார்கள்? அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இனி அந்தப் பந்தியையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சாதம் பரிமாறுபவர் குனிந்ததும் எதிர் வரிசைக்காரர் ஒரு கரண்டிக்கே கையைக் காட்டி நிறுத்துகிறார். சாம்பாரில் அடிப்பருப்பாகக் கேட்டு வாங்கி, அதை முதலில் சாப்பிடுகிறார். பிறகு கூட்டு. மெதுவடையில் பாதி, அதுவும் இருபது முறை மென்று. ரசம் வருகிறது, வேண்டாம் என்று தலையாட்டுகிறார். பாயசத்துக்கு இலையை மறைக்கிறார். "என்னப்பா, இலையில இவ்வளவு மிச்சம் வைக்கிறே" என்று அத்தை குரல் கொடுக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே இலையை மூடுகிறார். பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டில் திறக்கப்படவே இல்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனவர், மண்டபத்து வாசலில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூடியைத் திருகுகிறார். சட்டைப் பையிலிருந்து அன்றைய கால்சியம் மாத்திரை வெளியே வருகிறது.