டவுசரில் போகும் பிள்ளையை அடிக்காதீர்கள்

ஆறு வயதுப் பிள்ளை டவுசரிலேயே மலம் போகிறான் என்றால் அவன் திமிர் பிடித்தவன் அல்ல. சோம்பேறி அல்ல. வளர்ப்புச் சரியில்லாதவனும் அல்ல. பெரும்பாலும் அவனுக்கு இருப்பது மலச்சிக்கல். இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்கள் சிரிக்கிறார்கள். "நாளைக்கு நாலு தடவை போறான், இவனுக்கா மலச்சிக்கல்?" என்று கேட்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சாப்பாட்டு வேளையில் படிக்கிற விஷயம் இல்லைதான். ஆனால் நாம் எல்லோரும் பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

என் தங்கையின் பேரன் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். மூன்று வயதிலேயே ஒழுங்காகக் கழிவறைக்குப் போகப் பழகிய பிள்ளை. ஐந்து வயதுக்கு நெருக்கத்தில் திடீரென்று உள்ளாடையில் கறை. பிறகு தினமும். முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து ஒரு மருத்துவர் வயிற்றுப்போக்கு என்று சொல்லி, போவதை நிறுத்த மருந்து எழுதினார். தொக்கம் எடுத்தார்கள். தாயத்துக் கட்டினார்கள். இன்னொரு மருத்துவர், "வளர வளரச் சரியாயிடும்" என்றார். மூன்றாமவர் வயிற்றில் கையைக்கூட வைக்காமல் மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். பள்ளியிலோ, "நாங்க பாடம் நடத்தறதா, பிள்ளைக்குக் கழுவி விடறதா?" என்று கேட்டு அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்றும் ஒரு நாள் சொன்னார்கள். பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்; அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவன் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தான். சாப்பிட்டால்தானே வரும் என்று ஆறு வயதுப் பிள்ளை தானாகக் கணக்குப் போட்டிருக்கிறான். வேண்டுமென்றே செய்கிறவன் பட்டினி கிடப்பானா? இந்த ஒரு கேள்வியை அவனைச் சுற்றியிருந்த பெரியவர்கள் யாராவது கேட்டிருந்தால் ஒன்றரை வருஷம் வீணாகி இருக்காது.

கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் அவனைப் படுக்க வைத்து அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு அவன் அம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "தொட்டுப் பாருங்கம்மா" என்றார். உள்ளே கட்டியாக இருந்தது, இறுகிப்போன மலம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன்.

ஏதோ ஒரு நாள் மலம் கெட்டியாகி வலியோடு வந்திருக்கிறது. ஆசனவாயில் சின்ன வெடிப்பு உண்டாகி எரிந்திருக்கிறது. அடுத்த முறை முட்டியபோது பிள்ளை பயந்து அடக்கிவிட்டான். அடக்க அடக்க, மலத்தில் உள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். மலம் இன்னும் பெரிதாகும், இன்னும் கெட்டியாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். நாள்பட்டால் மலக்குடல் பை போல விரிந்து, முட்டுகிற உணர்ச்சியே மரத்துப் போகும். வாய்க்காலில் கட்டை விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் முழுக்க நின்றா போகிறது? ஓரமாகக் கசிந்து வரும். அதுபோல மேலே இருக்கும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்து உள்ளாடைக்கு வந்துவிடுகிறது. அது வருவது பிள்ளைக்குத் தெரியாது. நாற்றமும் அவன் மூக்குக்குப் பழகிவிடும். "வந்தது தெரியலை" என்று அவன் சொல்வது பொய் இல்லை. உடம்பு அவனுக்குத் தகவல் கொடுப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பது, நுனிக்காலில் விறைத்து நிற்பது, கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது, இவற்றையெல்லாம் பார்த்து முக்குகிறான் என்று நினைக்கிறோம். அவன் முக்கவில்லை, அடக்குகிறான். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது.

இனி நம்மவர்கள் சொல்லும் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம், "நம்ம காலத்துல இதெல்லாம் யாருக்கு இருந்துது?" இருந்தது. வெளியே சொல்லவில்லை. இந்தக் கோளாறுக்கு மருத்துவத்தில் என்கோப்ரெசிஸ் என்ற பெயர் 1926-இலேயே வைக்கப்பட்டுவிட்டது. பெயர் வைக்கும் அளவுக்கு அன்றே மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு ஒரு வசதியும் இருந்தது. கொல்லையிலோ வெளியிலோ குந்தித்தான் உட்கார்ந்தோம். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தால் மலக்குடலைக் கொக்கி போல இழுத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. இன்று அடுக்குமாடி வீட்டு மேல்நாட்டுக் கோப்பையில் உட்காரும் பிள்ளைக்குக் கால் தரையில் படுவதில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு எந்தப் பிள்ளையால் முக்க முடியும்? காலடியில் வைக்க ஒரு முக்காலி போதும்.

இரண்டாவது, "ரெண்டு போட்டா தானா நிக்கும்." அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பழமொழி வேறு சொல்வார்கள். பயந்த பிள்ளை முதலில் இறுக்குவது எந்தத் தசையை? அடக்குவதற்குப் பயன்படும் அதே தசையை. ஒவ்வொரு அடியும் நோயைக் கூட்டும். அடிக்குப் பயந்து கறை படிந்த உள்ளாடையைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் பிள்ளையைத் திருட்டுப்பயல் என்று இன்னொரு முறை அடிக்கிறோம்.

மூன்றாவது, "விளக்கெண்ணெய் கொடு, சோப்புத் துண்டு வை, வெத்தலைக் காம்பு வை." வலிக்குப் பயந்து மூடிக்கொண்ட இடத்தில் பலவந்தமாக எதையாவது நுழைத்தால் அந்தப் பயம் தீருமா, வளருமா? நம் வைத்தியத்தைக் குறை சொல்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. மலமும் அதில் ஒன்று. அந்தப் பெரிய விஷயத்தை மறந்துவிட்டு வெற்றிலைக் காம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது, "கீரையும் பழமும் கொடுத்தா சரியாயிடும்." கீரை, கொய்யா, பப்பாளி, அவரை, கேழ்வரகு எல்லாம் நல்லவை. கொடுக்கத்தான் வேண்டும். பால் ஒன்றிலேயே வயிறு நிரம்பும் பிள்ளை சோறும் காயும் தொடாது. பாலைக் குறைக்கவும் வேண்டும். ஆனால் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டியைக் கீரை கரைக்காது. முதலில் அடைப்பை எடுக்க வேண்டும், பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு.

வைத்தியம் பெரிய மர்மம் இல்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியைத் தண்ணீரில் கலந்து, மருத்துவர் சொன்ன அளவில், முதல் சில நாள் கூடுதலாகக் கொடுத்து அடைப்பை வெளியேற்றுகிறார்கள். சிலருக்கு லாக்டுலோஸ் மருந்து. பிறகு தினமும் மலம் இளகலாக வரும்படி குறைந்த அளவில் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கெடுக்கிறார்கள். பத்து நாளில் டவுசர் சுத்தமானதும், "தினம் மருந்து குடிச்சா குடல் பழகிடும்" என்று பாட்டி நிறுத்தச் சொல்வார். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, உணர்ச்சி திரும்பிவர மாதங்கள் ஆகும். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்துதான். அந்தப் பொடி பெரும்பாலும் உடம்பில் சேராமல், மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறது. குடல் அதற்கு அடிமையாகும் என்பது வீண் பயம்.

மருந்தோடு ஒரு பழக்கமும் வேண்டும். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். அதனால் காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிஷம் பிள்ளை கழிவறையில் உட்காரட்டும். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் வராது. அரை மணி முன்னதாக எழுப்பிவிடுவது பெரியவர்கள் பொறுப்பு. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் தாத்தாக்களுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

எல்லாப் பிள்ளைக்கும் இதே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. பிள்ளைகளின் மலச்சிக்கலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வேறு நோய் எதுவும் இருப்பதில்லை. மீதிப் பேரைத் தவறவிடக் கூடாது. பிறந்து இரண்டு நாள் வரை கருமலம் போகாத பிள்ளை, வயிறு ஊதி வாந்தி எடுக்கும் பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, காலில் பலவீனம் உள்ள பிள்ளை, முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ உள்ள பிள்ளை, இவர்களைத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமலே பிறக்கும் ஹிர்ஷ்பிரங் நோய் என்று ஒன்று உண்டு. அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஜிப்மராக வளர்ந்து நிற்கிற ஊர் நம் ஊர். இங்கே இருந்துகொண்டு தொக்கம் எடுக்க அலைவது நியாயமா?

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. விதிப் புத்தகம் புரட்டியே காலம் தள்ளிய குமாஸ்தா நான், அதனால் பிரிவு எண்ணோடு சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளுக்கு உடல் தண்டனை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. டவுசரில் போன பிள்ளையை வகுப்பு முன்னால் நிறுத்தி மூக்கைப் பிடிப்பது மன உளைச்சல் இல்லாமல் வேறென்ன? தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. டி.சி. மிரட்டல் விடுக்குமுன் அதைப் படித்துப் பார்க்கட்டும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. கழிவறை இருந்தால் மட்டும் போதாது. தாழ்ப்பாள் விழ வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், குவளை இருக்க வேண்டும். இடைவேளையில் மட்டும்தான் போகலாம் என்ற விதியை எடுக்க வேண்டும். குடலுக்கு மணி அடிக்கத் தெரியாது.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. கழிவறைப் பழக்கம் வந்த பிள்ளையை அந்த மொழியில் "ப்ரோப்ர்" என்பார்கள். சுத்தமானவன் என்று பொருள். அப்படியானால் பழக்கம் வராத பிள்ளை அசுத்தமானவன் ஆகிவிடுகிறான். நாம் மட்டும் யோக்கியமா? "நாத்தம் புடிச்சவனே", "பீ நாறி" என்று நேராகவே பெயர் வைக்கிறோம். நோயைக் குறிக்க வேண்டிய சொல்லைப் பிள்ளையின் மேல் ஒட்டிவிட்டால், நோய் போன பிறகும் அந்தப் பெயர் போகாது.

தங்கை பேரனுக்கு இப்போது ஐந்தாவது மாதமாக மருந்து நடக்கிறது. இடையில் இரண்டு முறை மறுபடி கசிந்தது. மருத்துவர் அளவை மாற்றினார், யாரும் திட்டவில்லை. மதியச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. பள்ளிப் பையில் ஒரு மாற்று டவுசர் மட்டும் இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பிரம்பை எடுக்குமுன் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காமல் மருந்து எழுதினால், "டாக்டர், கொஞ்சம் வயித்தை அழுத்திப் பாருங்க" என்று கேளுங்கள். நரைத்த தலைக்காரர் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.